கட்டில் எண்ணுக்கு மாத்திரை

வயதானவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற தொழிலில், சரியாகக் கொடுத்த நாளில் பக்கத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், தப்பாகக் கொடுத்த நாளில் ஊரே நிற்கும்.

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் ஹெட் நர்ஸ். பெயர் செல்வராணி. ஊர் நாகர்கோவில் பக்கம். ஆயாவாக உள்ளே நுழைந்து, பெட்பேன் கழுவி, கண்டவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்கி, பிறகு படித்து நர்ஸ் ஆனவள். கோபம் சட்டென்று வரும், ஒளித்து வைக்கத் தெரியாது. சாலைக் கடைத்தெருவில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற வாயால்தான் மருந்து சப்ளை செய்கிறவனிடமும், பெரியவர்களின் பிள்ளைகளிடமும், முதலாளியிடமும் பேசுவேன். நீங்களும் மருந்து ட்ராலி தள்ளுகிறவர் என்றால் இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. புதிதாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

வீட்டில் யாருக்குப் பெயர்ப்பட்டை

எங்கள் இல்லத்தில் கீழ்த்தளம் ஆண்களுக்கு, மாடி பெண்களுக்கு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு எண் இருக்கும். ட்ராலியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களிலும் அதே எண்கள். மூன்றாம் கிண்ணம் மூன்றாம் கட்டிலுக்கு, ஏழாம் கிண்ணம் ஏழாம் கட்டிலுக்கு. முதலாளி வேணு சார் வளைகுடாவில் லாட்ஜ் நடத்திவிட்டு வந்தவர், ஆளை அறை எண்ணால் கூப்பிட்டே பழகியவர். மாத்திரை சாப்பிடுகிறது கட்டில் இல்லை, மனுஷன் என்று வந்த முதல் வாரமே அவரிடம் சொன்னேன்.

எல்லார் மணிக்கட்டிலும் பெயர் எழுதின பட்டை கட்டலாம் என்றேன். முடியாது என்றார். சரி, கட்டிலுக்கு மேலே ஆளுடைய போட்டோவும் பெயரும் போதும் என்று இறங்கி வந்தேன். அதுவும் முடியாது. கிண்ணத்தில் மட்டுமாவது போட்டோ ஒட்டுகிறேன் என்று இன்னும் இறங்கினேன். இவ்வளவு இறங்கியும் எதிராளி அசையவில்லை என்றால் அவருக்கு வியாபாரமே வேண்டாம் என்று அர்த்தம். வேணு சார் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இது ஆஸ்பத்திரி இல்ல சிஸ்டரே, வீடாணு. வீட்ல ஆராச்சும் அச்சன் கையில பேர் எழுதிக் கட்டி வைப்பாங்களா?"

அமெரிக்கப் பெட்டி

ஏழாம் கட்டில் பத்மநாபன் சார், ஓய்வு பெற்ற ஹெட் கான்ஸ்டபிள். மகன் அமெரிக்காவில். லீவில் வந்த மகன் ஒரு பெட்டி நிறைய மருந்தைக் கொண்டுவந்து ட்ராலிமேல் வைத்து, "எல்லாம் ஒரிஜினல். ஒண்ணு விடாமக் கொடுக்கணும், நான் வீடியோ கால்ல கேப்பேன்" என்றார். டாக்டர் எழுதாமல் கொடுக்க முடியாது என்றேன். அவர் நேராக வேணு சாரிடம் போனார். வேணு சார் என்னைக் கூப்பிடவில்லை, ட்யூட்டியில் இருந்த புதுப்பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

ரத்தம் உறையாமலிருக்க பத்மநாபன் சாருக்கு இங்கே ஏற்கெனவே ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். பெட்டியில் வந்ததும் அதே மருந்துதான், அமெரிக்காவில் அதற்கு வேறு பெயர். சில நாளில் பல் தேய்க்கும்போது வாய் நிறைய ரத்தம். டாக்டர் வந்து இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தார். அன்றைக்கே அந்தப் பெண்ணை வேணு சார் அனுப்பிவிட்டார். நான் மகனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெட்டியில இருந்தா கொடுத்தே ஆகணும்னு அர்த்தமா சிஸ்டர்? நீங்கதானே நர்ஸிங் படிச்சவங்க" என்றார்.

ஒற்றைத் தாள்

போன பெண்ணுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதுதான் எங்கள் இல்லத்துச் சட்டம். மருந்துப் பிழை செய்தவள் சான்றிதழ் இல்லாமல் போக வேண்டும். இங்கே வேலைக்கு வருகிற பெண்கள் யாரும் இந்தச் சம்பளத்துக்காக வருவதில்லை. இரண்டு வருஷம் வேலை பார்த்தாள் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு தாள் கிடைத்தால் வெளிநாட்டு வேலைக்குக் கதவு திறக்கும். அந்தத் தாள் இல்லையென்றால் பார்த்த வேலை பார்க்காத வேலைதான்.

மாடியில் வேலை பார்த்த ஜின்சிக்கு அந்தக் கதவு பாதி திறந்திருந்தது. மலைப்பக்கத்து வித்துராக்காரி, அப்பா ரப்பர் வெட்டுகிறவர். இங்கிலீஷ் பரீட்சை பாஸாகி, அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு இன்டர்வியூவும் முடித்துவிட்டாள். இரண்டு வருஷம் முடிய இன்னும் சில மாசம், முடிந்ததும் வேணு சாரின் தாள், அவ்வளவுதான் பாக்கி. அமெரிக்கப் பெட்டி விவகாரம் நடந்த அன்று என் பக்கத்தில் நின்று கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தப்பு வந்தா உடனே சொல்லணும்னு காலேஜ்ல படிப்பிச்சாங்க சேச்சி. சொன்னா சர்ட்டிஃபிகேட் போகும்னு மட்டும் படிப்பிக்கல."

ஏகாதசி

மாடியில் அக்ரஹாரத்து மாமி ஒருத்தர் உண்டு. சர்க்கரை நோய். காலையில் மாத்திரை கொடுத்து, அரை மணி கழித்து டிபன் சாப்பிட வைக்க வேண்டும். ஒரு நாள் ஜின்சி மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். திரும்பி வந்து கேட்டபோது, "ஆச்சு, சாப்டாச்சு" என்றார் மாமி. தட்டும் காலிதான். இரண்டு இட்லியும் ஜன்னலுக்கு வெளியே காக்கைக்குப் போயிருந்தது. ஏகாதசி, முழுப் பட்டினி. சொன்னால் நாங்கள் விடமாட்டோம் என்று மாமிக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மாமிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறியது. ஜின்சி சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். மாமி தெளிந்ததும் முதல் வேலையாக, "சாப்பிட்டதை நான் கண்ணால பாக்கல சேச்சி, என் தப்புதான்" என்றாள். பக்கத்து அறையில் வேணு சார் இருந்தார், நல்லவேளையாகப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வாயை மூடு என்று நான் கண்ணைக் காட்டினேன், அவளுக்கு அது புரியவே இல்லை. மாமிக்குத்தான் முதலில் புரிந்தது. வேர்த்து நனைந்த தலையைத் துடைக்கக் கொடுத்துக்கொண்டு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "அசடே, நான் பகவானுக்காகப் பொய் சொன்னேன். நீ உனக்காக ஒண்ணு சொல்லிக்கப்படாதோ?"

பொங்காலைப் புகை

ஆற்றுகால் பொங்காலை என்றால் பெண்கள் அம்மனுக்குத் தெருவிலேயே பொங்கல் வைக்கிற நாள், அன்று எங்கள் தெருவில் வண்டி நுழையாது. முந்தின நாளே பெண்கள் செங்கல் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். எங்கள் வாசற்படியை ஒட்டியே வரிசையாக அடுப்பு. நர்ஸுகளில் பாதிப்பேர் பானையோடு தெருவில் இருப்பார்கள். கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும் அன்றைக்கு லீவு கிடையாது. அதனால் மாடியில் இருந்த ஜின்சியைக் கீழே ஆண்கள் பக்கம் மருந்து கொடுக்க அனுப்பினார் வேணு சார். அங்கே அவளுக்கு முகம் ஒன்றும் பழக்கமில்லை.

தெருவோர ஜன்னலடியில் மூன்றாம் கட்டில், சுப்பிரமணிய மாமாவுடையது. கரமனை அக்ரஹாரத்துக்காரர், ஆஸ்துமா. அடுப்புகள் பற்றிக்கொண்டதும் புகை நேராக உள்ளே வந்தது. வேணு சார் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் ஏழாம் கட்டிலில் உட்கார வைத்தார். ஏழாம் கட்டில் பத்மநாபன் சார் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டார், அவரை ஜன்னலடியில் மூன்றாம் கட்டிலில் உட்கார வைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆள் குறைவால் காலை மருந்து அன்றைக்குத் தாமதம். ஜின்சி ஏழாம் கிண்ணத்தோடு ஏழாம் கட்டிலுக்குப் போய், "பத்மநாபன் சார்தானே?" என்று கேட்டாள். சுப்பிரமணிய மாமா தலையை ஆட்டினார். கொஞ்ச காலமாக அவர் எதற்கும் தலையை ஆட்டுவார். மாத்திரைகளை வாங்கி விழுங்கிவிட்டார். பிறகு மூன்றாம் கிண்ணத்தோடு ஜன்னலடிக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு விறைப்பாகச் சொன்னார்: "ஞான் பத்மநாபன், ஹெட் கான்ஸ்டபிள். எனக்கு ஏழாம் நம்பர்."

வழிவிட்ட அடுப்புகள்

பத்மநாபன் சாரின் மாத்திரைகளில் ரத்த அழுத்தத்துக்கு உள்ள ஒன்று, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஜின்சி மாடிக்கு ஓடிவந்து சொன்னாள். நான் கீழே இறங்கும்போதே சுப்பிரமணிய மாமாவுக்கு இழுப்பு தொடங்கியிருந்தது. வேணு சார் வாசலில் நின்றுகொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "புகையாணு, புகையாணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதிலும் சொன்னார்: "புகைன்னு சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டா."

ஆம்புலன்ஸ் வர வழியில்லை. சக்கர நாற்காலியில் வைத்து அடுப்புகளுக்கு நடுவே தள்ளினோம். பொங்கிக்கொண்டிருந்த பானையை வெறுங்கையால் தூக்கி நகர்த்தி வழிவிட்டார்கள் பெண்கள். தெரு முக்கில் பொங்காலைக்காகப் போட்டிருந்த முதலுதவிப் பந்தலில் ஒரு லேடி டாக்டர். "புகையா?" என்று கேட்டு மூச்சு மருந்தை எடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் ஜின்சி அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சொன்னாள்: வேறொருத்தர் மாத்திரையை நான் கொடுத்துவிட்டேன், இன்ன மாத்திரை, கூடவே சர்க்கரைக்கு உள்ளதும். டாக்டர் கையிலிருந்த மருந்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். சர்க்கரை இறங்காமலிருக்க குளுக்கோஸும் ஏற்றினார். மாமாவின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. நர்ஸ் இப்படிப் பண்ணலாமா என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கொடுத்தது ஆருன்னு பின்னே நோக்காம். சொன்னது ஆருன்னு இப்பப் பாத்துக்கோங்க, இவர் உயிரோட இருக்கறது அதனாலயாக்கும்."

குற்றம் எது

மறுநாள் ஆபீஸில் வேணு சார், நான், ஜின்சி. ஜின்சியை அன்றைக்கே போகச் சொன்னார், தாள் கிடையாது. நான் மேஜையில் அடித்தேன், சாயா கிளாஸ் உருண்டு அவர் மடியில் விழுந்தது. "கட்டிலை மாத்துனது ஆரு சார்? எண்ணைப் பாத்துக் கொடுன்னு சட்டம் போட்டது ஆரு? பேரு எழுதிக் கட்டுவோம்னு நான் கெஞ்சுனப்ப வீடாணு, வீடாணுன்னு சொன்னது ஆரு?" என்று கேட்டேன். வேட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கோபப்படவில்லை. கோபப்படாத முதலாளியிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஜின்சி, "நான்தான் கொடுத்தேன் சார், அது சத்தியம்" என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கொடுத்தது போகட்டும், மோளே. அது ஆருக்கும் வரும். அந்தப் பந்தல்ல நூறு பேர் முன்னாடி சொன்னது எதுக்கு?"

மகள்

அவளைப் போகவிடாமல் இரண்டு நாள் தவணை வாங்கினேன். என் கணக்கு இது: சுப்பிரமணிய மாமாவின் மகள் லலிதாவுக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை. நடந்ததை அவரிடம் உள்ளபடி சொன்னால் அவர் வேணு சாரிடம் வந்து சத்தம் போடுவார். சத்தம் போட்டால் கட்டில் மாற்றிய கதை வெளியே வரும், ஜின்சி தலை தப்பும், பட்டையும் வரும். ஜின்சியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஜின்சி எல்லாவற்றையும் சொன்னாள். லலிதா அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஜின்சியின் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். பிறகு, முன்பு அப்பாவை வைத்திருந்த இரண்டு இடங்களைப் பற்றிச் சொன்னார். ஒன்றில் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்களாம். இன்னொன்றில் முதுகில் புண். வீட்டில் பகலில் ஆள் கிடையாது. நான் என் வாதத்தைத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "நான் சண்டை போட்டா அவர் அப்பாவை அழைச்சுண்டு போன்னுடுவார். எங்கே அழைச்சுண்டு போவேன், நீங்களே சொல்லுங்கோ? புகைன்னே இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர்."

இரண்டில் ஒன்று

கையில் ஒன்றும் இல்லாமல் பேரத்துக்குப் போவது எனக்குப் புதிதில்லை. என்னிடம் இருந்தது நான் மட்டும்தான். நான் போய்விட்டால் அந்த இல்லம் ஒரு வாரம்கூட நடக்காது என்று வேணு சாருக்கும் தெரியும். போகிற வழியில் என் வாய் சும்மா இருக்காது என்றும் தெரியும். இரண்டு கேட்டேன். ஜின்சி இரண்டு வருஷத்தை முடித்துத் தாளோடு போக வேண்டும். எல்லார் கையிலும் பெயர்ப்பட்டை வேண்டும்.

"ரெண்டில ஒண்ணு" என்றார். மாற்றிக் கேட்டேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். ரெண்டில ஒண்ணுதான். வாசலில் ஜின்சி நின்றுகொண்டிருந்தாள். ஜின்சிக்குத் தாள் என்றேன். சரி, ஆனால் தாள் வாங்குகிறவரை அவள் மருந்தைத் தொடக்கூடாது, பாத்திரமும் பெட்பேனும் கழுவட்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். நான் எழுந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "பட்டை கட்டினா இங்க எல்லாருக்கும் நல்லது. நீ ஒருத்தியை எடுத்தே. இனி என்கிட்ட வந்து ரூல் பேசாதே, சிஸ்டரே."

ஆதிரா

ஜின்சி இடத்துக்கு மாடியில் ஆதிரா வந்தாள். கெட்டிக்காரி, கண் எப்போதும் கீழே. ஒரு நாள் காலை ஏகாதசி மாமி எழுந்திருக்கவே இல்லை. தட்டினால் முனகுகிறார், கண் திறக்கவில்லை. என்ன கொடுத்தாய் என்று ஆதிராவைக் கேட்டேன். வழக்கமானதுதான் என்றாள். டாக்டர் வந்து பக்கவாதமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய், தலையை ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து, அந்த உடம்பில் ஊசி குத்த இடமில்லாமல் குத்தினார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குமேல் மாமி தானாகவே எழுந்து, தலை கிண்ணென்று இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆதிரா என்னிடம் வந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு உள்ள தூக்க மாத்திரையையும் மாமிக்கே கொடுத்திருக்கிறாள். கொடுத்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது. அறையலாம் போல வந்தது எனக்கு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அம்மைக்கு இவ்வளவு குத்து உண்டுமா?" என்று கேட்டேன். அவள் பின்கட்டைப் பார்த்தாள். அங்கே ஜின்சி பெட்பேன் கழுவிக்கொண்டிருந்தாள். "சொன்னா என்ன ஆகும்னு நான் தினமும் காணுறேன் சேச்சி."

பழவங்காடி

இரண்டு வருஷம் முடிந்தது. வேணு சார் வாக்குத் தவறவில்லை. மருந்து கொடுப்பதில் மிகுந்த கவனமும் பொறுப்பும் உள்ளவர் என்று அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசி மாசங்களில் அவள் ஒரு மாத்திரையைக்கூடத் தொடவில்லை. படித்துப் பார்த்துவிட்டு ஜின்சி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

போவதற்கு முன் சூட்கேஸ் வாங்க நாங்கள் இரண்டு பேரும் பழவங்காடிக்குப் போனோம். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள், அங்குள்ள கோயில் பிள்ளையாருக்குத் தேங்காயை அவளுக்காக நான் உடைத்தேன். கடைக்காரனோடு சூட்கேஸுக்கு நான் வழக்கம்போல மல்லுக்கட்டி, சக்கரம் உருளுகிறதா என்று தெருவிலேயே இழுத்துப் பார்த்து வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, அயர்லாந்தில் எல்லார் கையிலும் பட்டை இருக்கும், பயப்படாதே மக்களே என்று எங்கள் ஊர் வழக்கில் சொன்னேன். தலையாட்டினாள். வித்துரா போகிற பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு, வெளியே தலையை நீட்டிக் கேட்டாள்: "அங்க போய் எனக்குத் தப்பு வந்தா, சொல்லணுமா சேச்சி, வேண்டாமா?"

பதில் சொல்வதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான், நானும் திரும்பி வந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், இப்போதெல்லாம் எங்கள் இல்லத்தில் மருந்துப் பிழை என்பதே கிடையாது, சொல்வதற்கு ஆள் இல்லாத இடத்தில் அது எப்படி இருக்கும்?